பெருங்குடற் புற்றுநோயும் நிர்ப்பீடனக் கலங்களும்

1932 ஆம் ஆண்டு இலண்டன் சென். மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கத்பேட் டியூக்ஸ் நேர்குடற் புற்றுநோயைப் படிநிலைப்படுத்தியபோது, கட்டி குடற்சுவரை எவ்வளவு ஊடுருவியுள்ளது, நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்டதா என்பவற்றையே அளவுகோலாகக் கொண்டார். பின்வந்த வகைப்பாடுகளும் பெரும்பாலும் இவ்வடியொற்றியவையே. நோயாளியின் உடல், கட்டி முன்னேறிச் செல்லும் வெறும் நிலமாகக் கருதப்பட்டது. ஒரே படிநிலையிலுள்ள இருவருள் ஒருவர் பிழைக்க, மற்றவரிடம் நோய் மீள்வது ஏன் என்பதற்கு இவ்வளவுகோல் விடை தரவில்லை.

பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள ரீ கலங்களை எண்ணிய அவர்கள், அவை செறிந்திருந்தோரிடம் நோய் மீளுதல் குறைவெனக் கண்டனர். 13 நாடுகளைச் சேர்ந்த 2,600 இற்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது.

‘உடலின் காவற்படை’ என்னும் வழக்கமான உருவகம் ஈண்டு நம்மை வழிதவறச் செய்யும். படை தோற்றுவிட்டது என்றே எண்ணத் தூண்டும். உண்மையில், கட்டியினுள் வந்துசேர்ந்த ரீ கலங்கள் பல, கொல்லும் ஆற்றலிருந்தும் செயலடக்கப்பட்டு நிற்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள பி.டி.-1 என்னும் புரதம் ஒரு தடை. சொந்த இழையங்கள் தாக்கப்படாதிருத்தற்கென அமைந்த அத்தடையே கட்டிக்குச் சாதகமாகிவிடுகின்றது.

பெருங்குடற் கட்டிகளுள் ஏறத்தாழ 15 வீதமானவற்றில், டி.என்.ஏ. பிரதியாகும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் பொறிமுறை பழுதுற்றிருக்கும். பிழைகள் குவிய, அந்நியமாய்த் தோன்றும் புரதங்கள் பெருகுகின்றன. ரீ கலங்களும் திரள்கின்றன. பி.டி.-1 தடையை நீக்கும் மருந்து இத்தகைய பெருங்குடற் கட்டிகளையுடைய பத்துப் பேருள் நால்வரிடம் பயன் தந்ததாகவும், பழுதற்ற கட்டிகளையுடையோர் ஒருவரிடமேனும் தரவில்லை எனவும் 2015 இல் வெளியான சிறிய ஆய்வொன்று காட்டியது. 2022 இல் நியூயோர்க்கிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பூட்டுவது. இப்பழுதுடைய நேர்குடற் புற்றுநோயாளருக்கு ஆறு மாதம் டொஸ்டார்லிமாப் மட்டுமே கொடுக்கப்பட்டது. சிகிச்சையை முடித்த பன்னிருவரிலும் கட்டியின் சுவடு காணப்படவில்லை. வழமையான சத்திரசிகிச்சை சிலரை ஆயுள் முழுதும் வயிற்றிற் பொருத்திய மலப்பையுடன் வாழ வைப்பது. கதிர்வீச்சு கருவளத்தைச் சிதைப்பது. அவர்கள் இரண்டினின்றும் தப்பினர்.

பத்திரிகைகள் சில இதனைப் புற்றுநோயின் முடிவாகவே கொண்டாடின. அது மிகை. பழுதைக் கண்டறியும் இழையச் சோதனை அத்துணை அரிதன்று. மருந்தோ காப்புரிமை பெற்ற விற்பனைப் பண்டம், வறிய நாடுகளின் பொது வைத்தியசாலைகளுக்கு எளிதில் எட்டாதது.

பெரும்பான்மையான கட்டிகளின் நிலையோ வேறு. அவற்றுட் பலவற்றில் ரீ கலங்கள் நடுப்பகுதியை எட்டுவதேயில்லை. சூழவுள்ள நார்க்கலங்கள் முதலியன சுரக்கும் ரீ.ஜீ.எவ்.-பீற்றா என்னும் புரதம் அவற்றை வெளியே நிறுத்துகின்றது என்பதைப் பார்சலோனா ஆய்வாளர் 2018 இல் எலிகளில் காட்டினர். அப்புரதத்தின் செயலைத் தடுத்தபோது ரீ கலங்கள் உட்புகுந்தன.