இசட் புள்ளி எதை அளக்கிறது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கைத்தொலைபேசிகளுக்கு ஓய்வில்லை. சுட்டிலக்கத்தைத் தட்டினால் மூன்று பாடங்களின் ஏ, பி, சி, எஸ் திரையில் வந்து நிற்கும். ஆனால் வாப்பாவும் உம்மாவும் தேடுவது வேறோர் எண்ணை. 1.7654 என்பது போல நான்கு தசம தானங்களோடு இருக்கும் இசட் புள்ளியை. கூடவே மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் தவறிப்போவதும், இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்த பிள்ளை உள்ளே போவதும் இந்த எண்ணால்தான். வாழ்க்கையையே திருப்பிவிடும் இந்த எண் எப்படி வருகிறது என்பது பரீட்சை எழுதிய பல பிள்ளைகளுக்கே தெரியாது. உள்ளே இருப்பதோ ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும்தான்.

விளங்கிக்கொள்வதற்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை பௌதிகவியலில் 58 எடுக்கிறாள். நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் இடை, அதாவது சராசரி, 38. கழித்தால் 20. எல்லாருடைய புள்ளிகளும் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவுக்கு நியம விலகல் என்று பெயர். அது 16 என்றால், 20ஐ 16ஆல் வகுக்க 1.25 வரும். அதே பிள்ளை இன்னொரு பாடத்தில் 72 எடுக்கிறாள். அங்கே இடை 60, நியம விலகல் 12. கணக்குப் போட்டால் 1.00. ஆக, 58தான் 72ஐ விடப் பெரிய சாதனை. கடினமான வினாத்தாளில் எடுத்த 58 எவ்வளவு பெறுமதியானது என்பதை ஆசிரியர் யாரும் சொல்லாமலேயே, அந்தத் தாளை எழுதிய எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது இன்றைக்கும் வியப்புத்தான்.

மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கிடைப்பவற்றின் சராசரியே இறுதி இசட் புள்ளி. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்மொழிந்த இந்த முறை 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பாடப் புள்ளிகளைக் கூட்டி வரும் மொத்தம்தான் கணக்கு. லேசான பாடத்தைத் தெரிவுசெய்தவருக்கு அதில் ஆதாயம் இருந்தது.

இசட் புள்ளி சைபர் என்றால் சித்தியில்லை என்று அர்த்தமில்லை. பிள்ளை சரியாக இடையில் நிற்கிறாள், அவ்வளவுதான். மறைப்புள்ளி வந்தாலும் மூன்று பாடமும் சித்தியாக இருக்கலாம். புள்ளிகள் மணி வடிவில், செவ்வன் பரம்பலாக அமைந்தால், 1 எடுத்தவருக்குக் கீழே நூற்றுக்கு 84 பேர் இருப்பார்கள். 2 எடுத்தவருக்குக் கீழே ஏறக்குறைய 98 பேர்.

சரி, அந்த நான்கு தசம தானங்களுக்கு என்ன பெறுமதி? மேலே சொன்ன பௌதிகவியல் தாளில் ஒரேயொரு புள்ளி கூடினால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.0625 கூடும். மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்தால் இறுதியில் ஏறுவது 0.0208. அப்படியென்றால், வெட்டுப்புள்ளியை 0.01ஆல் தவறவிட்ட பிள்ளை தவறவிட்டது மூன்று பாடங்களில் ஒன்றில் அரைப் புள்ளியை! ஒரே கட்டுரை விடையை நேர்மையான இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் அவர்களுக்கிடையில் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம் வருவது இயல்பு. ஆயிரக்கணக்கானோரை ஒரு வரிசையில் நிறுத்தச் சின்ன இலக்கங்கள் தேவை; அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்காவது தசமத்தைப் பார்த்து ஒரு பிள்ளையின் மூளையை எடைபோடும் உறவினர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

சூத்திரம் சுத்தமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இடை என்றால் யாருடைய இடை? எந்தக் கூட்டத்தை எடுத்து அதைக் கணிக்கிறோம்? 2011 உயர்தரத்தில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியவர்களும் இருந்தார்கள். வினாத்தாள்கள் வேறு வேறு. இரு சாராரையும் ஒரே கூட்டமாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்த்தது. இரண்டு கூட்டத்துக்கும் வெவ்வேறாகக் கணிக்க வேண்டியதாயிற்று. விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஒரு புள்ளியும் மாறவில்லை. கூட்டத்தைப் பிரித்த விதம் மாறியதும் நிரல் மாறியது.

இதன் ஆபத்தான பக்கத்தை நம் நாடு அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. 1971 பல்கலைக்கழகச் சேர்க்கையில் மருத்துவத்துக்கு, 400க்குத் தமிழ் மொழி மூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது; சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாயிருந்தது. பின்னர் 1973இல் அதற்குப் புள்ளியியல் உடுப்புப் போட்டார்கள். அதைத்தான் தரப்படுத்தல் என்று இன்றுவரை சொல்கிறோம். இடையையும் நியம விலகலையும் கொண்டு புள்ளிகளைச் சரிக்கட்டும் அதே உத்திதான், ஆனால் கூட்டம் பிரிக்கப்பட்டது மொழியால். தமிழில் எழுதியவர்களும் சிங்களத்தில் எழுதியவர்களும் சராசரியில் சமமாகவே இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டார்கள். தமிழில் எழுதிய கல்முனை முஸ்லிம் மாணவனும் அந்தக் கூட்டத்தில்தான் விழுந்தான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரிக்குப் பெயர் தந்தவர். நம் பெண்பிள்ளைகளின் படிப்புக்குக் கதவு திறந்த காலமும் தமிழ் மாணவரை நெஞ்சில் காயப்படுத்திய காலமும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் கைவிடப்பட்டது. மாவட்ட முறை விகிதங்கள் மாறி மாறி நிலைத்தது. இன்றைக்குப் பெரும்பாலான பீடங்களில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. கல்முனை இருக்கும் அம்பாறை மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதனால் ஒரே இசட் புள்ளிக்கு ஒரு மாவட்டத்தில் கிடைக்கும் பீடம் இன்னொரு மாவட்டத்தில் கிடைக்காது. கொழும்பில் அநீதி என்று பேசிக்கொள்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலோடு போனார்கள். அடுத்த உயர்தரத்தை எழுதிய மருதமுனைப் பிள்ளையின் புள்ளியிலிருந்து கழிக்கப்பட்டதும் நாடு முழுவதற்குமான அதே இடைதான். கொப்பியும் புத்தகமும் வீடும் போனதை எழுதிக்கொள்ள அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. அதை வேறெங்காவது கணக்கில் எடுத்தாக வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு அதற்கான ஒரு முயற்சி.

ஆனால் முரட்டு முயற்சி. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்த அம்பாறை மாவட்டத்தில் இன்று ஏழு கல்வி வலயங்கள்: கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மஹாஓயா, தெஹியத்தகண்டி. கல்முனையில் பெயர்பெற்ற கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தனியார் வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. மஹாஓயாவிலோ திருக்கோவில் பக்கத்திலோ பொத்துவிலிலோ விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலையைத் தேடிப் போவதும், அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைப்பதும் வேறு கதை. இத்தனை பேரும் ஒரே மாவட்டப் பட்டியலில் ஒரே வரிசையில். பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரால் வரும் இடங்களை, அந்த மாவட்டத்துக்குள் முன்னுக்கு நிற்கும் ஊர்களே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2011 உயர்தரத்தில் நீதிமன்றம் கண்ட அதே பிழை, சற்றுச் சிறிய அளவில்: வேறு வேறான கூட்டங்களை ஒன்றாகக் கலந்துவிட்டோம்.

கொழும்பையும் கல்முனையையும் ஒரே தராசில் வைக்காதே என்று ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கிறோம். அந்த நியாயம் கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையிலும் செல்லுபடியாக வேண்டும். 5 வீத இடங்களையாவது மாவட்டத்தின் பெயரால் அல்லாமல், கல்வி வலயத்தையும் பிள்ளை படித்த பாடசாலையின் வசதியையும் பார்த்து ஒதுக்கும்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் கல்முனைக்குச் சில இடங்கள் குறையும். தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் கோரிக்கையில் முதல் கையெழுத்து கல்முனையிலிருந்து போகட்டும்.