என்ஜின் சூடும் அதை அளக்கும் கம்பிகளும்

அமெரிக்காவில் ஆர்வலர்கள் தம் வீட்டு கார் ஷெட்டிலோ வாடகைக் கொட்டகையிலோ கட்டி முடிக்கும் சிறு விமானங்கள் 'சோதனை வகை' என்ற பிரிவில் பதிவு பெறுகின்றன. அவற்றின் கட்டுமான வேலையில் பெரும்பகுதியை, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ, தொழில்முறை சாராதவர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. தொழிற்சாலையில் உருவாகும் விமானத்தின் மீட்டர் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளரும் அரசும் ஒப்புதல் அளித்திருக்க, இவ்வகை விமானத்தில் எந்த உணரியை வாங்குவது, எங்கே பொருத்துவது, கம்பியை எவ்வழியே கொண்டுசெல்வது என்பனவெல்லாம் கட்டுபவரின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளன. ஆகவே விமானி காணும் வெப்பநிலை, என்ஜினின் நிலையை மட்டுமின்றி, அந்தக் கம்பியைப் பொருத்தியவரின் கவனத்தையும் காட்டுகிறது.

இவ்வாறு கட்டப்படும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்களில் பரவலாகப் பயன்படும் லைகமிங் ஓ-360 போன்ற நான்கு சிலிண்டர் என்ஜின்கள் தண்ணீரால் அன்றி, எதிர்க்காற்றால் குளிர்விக்கப்படுகின்றன. மூக்குப்புறத் திறப்புகள் வழியே நுழையும் காற்றை, தடுப்புத் தகடுகள் சிலிண்டர்களின் துடுப்புகளுக்கு இடையே செலுத்துகின்றன. தகட்டில் ஒரு சிறு இடுக்கு இருந்தாலும் காற்று அவ்வழியே நழுவிவிடும் என்பதால், ஒரே என்ஜினின் நான்கு சிலிண்டர்களும் நான்கு வேறு வெப்பநிலைகளில் இருப்பது இயல்பே. சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. சூடு ஏற ஏற அதன் வலிமை குறையும். லைகமிங் விதித்துள்ள உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 260 டிகிரி செல்சியஸ். ஒரு சிலிண்டரில் மட்டும் உணரி வைப்பது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. மிகுந்த சூடேறும் சிலிண்டர் எதுவென்பது ஏறும்போதும் சமமாகப் பறக்கும்போதும் மாறக்கூடுமாதலால், நான்கிலும் வைப்பதே அறிவுடைமை.

இங்குப் பயன்படும் உணரி வெப்ப மின்னிரட்டை, அதாவது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து அந்த இணைப்பைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பது, 1821இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவின் அடிப்படையில் அமைந்தது. சீபெக் அதைக் காந்த விளைவு என்றே கருதியிருந்தார் என்பது வேறு கதை. சிலிண்டர் தலைக்குப் பெரும்பாலும் இரும்பும் கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவையும் சேர்ந்த ஜே வகையும், அதைவிடப் பன்மடங்கு சூடான புகைக்குழாய்க்குக் குரோமெல்-அலுமெல் சேர்ந்த கே வகையும் பயன்படுகின்றன. ஜே வகையில் ஒரு டிகிரி செல்சியசுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட் மட்டுமே.

இந்த மின்னழுத்தம் சூடான முனையின் வெப்பநிலையைக் குறிப்பதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடையிலான வேறுபாட்டையே குறிக்கிறது. மீட்டர் தன் இருப்பிடத்தின் வெப்பநிலையைத் தனியே அளந்து அதனுடன் கூட்டிக்கொள்கிறது. கம்பி நீளம் போதவில்லையென்று என்ஜின் அறைக்குள்ளேயே சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டிவிட்டால், குளிர்முனை அந்த ஒட்டுக்கு இடம்மாறிவிடும். மீட்டரோ அதை அறியாது. ஒட்டு உள்ள இடம் 60 டிகிரியும் விமானி அறை 20 டிகிரியும் எனக் கொண்டால், 220 டிகிரியில் கொதிக்கும் சிலிண்டரை மீட்டர் 180 என்று காட்டும். பிழை ஆபத்தான திசையிலேயே செல்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. எனவே நீட்டிப்புக் கம்பியும் அதே உலோக இணையாலேயே இருக்க வேண்டும். இன்னொரு பொறி நிறத்தில் உள்ளது: மின்வேலையில் சிவப்பு என்றால் நேர்முனை என்று பழகிய கைக்கு, அமெரிக்கத் தெர்மோகப்பிள் முறையில் சிவப்பே எதிர்முனை என்பது எளிதில் மறந்துபோகும்.

உணரியின் இருப்பிடமும் எண்ணை மாற்றும். சிலிண்டர் தலையில் இதற்கென்றே அமைந்த குழியில் செருகும் உணரியும், ஸ்பார்க் பிளக்கின் வாஷருக்குப் பதிலாக வைக்கும் வளைய உணரியும் ஒரே எண்ணைத் தருவதில்லை. லைகமிங்கின் வரம்பு குழியில் அளக்கும் வெப்பநிலைக்கே உரியது. புகைக்குழாயில் துளையிடும்போது, எல்லாச் சிலிண்டர்களுக்கும் இணைப்பு விளிம்பிலிருந்து ஒரே தொலைவில், பொதுவாக 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள், துளை அமைய வேண்டும். புகை இடைவிடாத ஓட்டமாக வராமல், வால்வு திறக்கும்தோறும் துடிப்பாகவே வருவதால், அங்குக் கிடைப்பது ஒருவகைச் சராசரிதான். 750 டிகிரியா 780 டிகிரியா என்று அதன் தனி எண்ணைக் குறித்து வாதிடுவதில் பயன் குறைவு, அது உச்சத்துக்கு ஏறி இறங்கும் போக்கே எரிபொருள் கலவையைப் பற்றிச் சொல்லும்.

எண்ணெய்க்குப் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்னும் மின்தடை உணரி பொருத்தப்படுகிறது; சூடு ஏறும்போது இதன் மின்தடை குறையும். ஒற்றைக் கம்பி வகையில் மின்னோட்டம் என்ஜின் உடல் வழியாகவே திரும்ப வேண்டும். என்ஜினோ மின்சாரம் கடத்தாத ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதை விமான உடலோடு இணைக்கும் எர்த் பட்டையே அதற்கு வழி. எர்த் பட்டை தளர்ந்திருந்தாலோ மரையில் டேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுற்றியிருந்தாலோ மின்தடை கூடி, எண்ணெய் உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாக மீட்டர் காட்டும்.

கம்பிகளை ஸ்பார்க் பிளக் கம்பிகளிலிருந்து விலக்கி, ரப்பர் உறையிட்ட உலோகப் பிடிகளால் இறுக்கி, தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் துளையை எரியாத பசையால் அடைப்பது வழக்கம். எல்லாம் முடிந்தபின் சோதிக்கும் வழி எளியது: இரவு முழுதும் ஓடாதிருந்த என்ஜினில் காலையில் மின்சாரத்தை இணைத்தால், எல்லா உணரிகளும் கொட்டகையின் வெப்பநிலையையே காட்ட வேண்டும், எண்ணெய் உணரியைக் கழற்றிக் கொதிநீரில் வைத்தும் பார்க்கலாம்.

புதிய என்ஜினின் முதல் பறப்புகளில், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இன்னும் இழைந்திராததால் உராய்வுச் சூடு மிகுந்திருக்கும். உணரிகள் ஒழுங்காக அமைந்திருந்தால், சில மணி நேரப் பறப்புக்குப் பின் ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பநிலையும் இறங்கி நிலைபெறுவதைக் காணலாம். வளையங்கள் அமர்ந்துவிட்டன என்பதைக் கட்டியவர் அறிவது அந்த இறக்கத்தையும் எண்ணெய்ச் செலவு குறைவதையும் கொண்டே.