அதிர்வைத் திசை திருப்பியவர்கள்

மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் எழும் விசைகளைக் கூட்டினால், விடை பூஜ்யம். கிராங்க் ஷாஃப்ட்டில் மூன்றும் 120 டிகிரி இடைவெளியில் நிற்பதால் ஒன்று தள்ளுவதை மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடுகின்றன. அப்புறம் ஏன் அதிர்கிறது? பிஸ்டன்கள் ஒரே இடத்தில் இல்லை, வரிசையாக நிற்கின்றன. எஞ்சினின் ஒரு முனை எழும்போது மறுமுனை தாழ்கிறது. சீசா பலகை மாதிரி, சுற்றுக்கு ஒரு ஆட்டம்.

இதை அடக்க, எதிர்த்திசையில் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழி. அதைச் சுழற்றவும் கொஞ்சம் பெட்ரோல் போகும். 2012-ல் ஃபோர்டு கொண்டுவந்த 1 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சினை வடிவமைத்தவர்கள் அந்த ஷாஃப்ட்டே வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். ஒரு முனையில் ஃப்ளைவீல், மறுமுனையில் புல்லி. இரண்டிலும் வேண்டுமென்றே எடையை ஒருபக்கம் கூட்டினார்கள். மேல்கீழ் ஆட்டம் பக்கவாட்டு ஆட்டமானது. அந்தத் திசையில் வரும் அதிர்வை எஞ்சின் மவுண்டுகள் எளிதாக வாங்கிக்கொள்ளும். அதிர்வு எங்கும் போய்விடவில்லை. உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாத பக்கம் திருப்பிவிடப்பட்டது, அவ்வளவுதான். சமநிலையைக் கெடுத்தே மென்மையைப் பெறலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013-ல் இந்த எஞ்சின் வந்தது.

2010-ல் ஃபியட் தன் 500 காரில் வைத்த 875 சிசி ட்வின்ஏர் டர்போவுக்குக் குணமே வேறு. இரண்டே சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அந்தக் குலுக்கலைத் தணிக்க பேலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. ஆனால் பெட்ரோல் எரியும் தாளத்தை எந்த ஷாஃப்ட்டாலும் மாற்ற முடியாது. நிமிடத்துக்கு 900 சுற்றில், நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 30 முறை எரிகிறது. மூன்றில் 22, 23 முறை. இரண்டில் வெறும் 15. நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் மனிதக் காதுக்கு அது ஒலியாகக் கேட்பது அரிது. ஆகவே ட்வின்ஏரின் அடித்தாளம் காதைவிட முதுகுக்கும் உள்ளங்கைக்கும்தான் அதிகம் தெரியும். 1957-ல் வந்த பழைய ஃபியட் 500-க்கும் இரண்டு சிலிண்டர்தான் என்பதால், அந்தப் படபடப்பைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டர்போ, புகைபோக்கிச் சத்தத்தை மட்டுப்படுத்தும். ஈகோபூஸ்டில் டர்போவின் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும். சிக்கலைக் கொண்டுவருவதும் அதே டர்போதான். 1,500 சுற்றிலேயே நல்ல இழுவை கிடைப்பதால் கியரைக் குறைக்காமல் ஓட்டிவிடுகிறோம். ஒவ்வொரு எரிப்பும் பலமாகவும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டும் விழுவது சரியாக அங்கேதான்.

இப்படிப்பட்ட எஞ்சின்களை நெடுஞ்சாலை வேகத்தில் ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடாது. மூன்றாம் கியரில் 1,500 சுற்றுக்கு இறங்கவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும். டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரமும் தெரியும். ஸ்டியரிங்கில் வைத்த விரல்களுக்கு உள்ளே எத்தனை சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும்.