அந்தக் காமிராவைத் திறக்காதீர்கள்!

பொங்கல் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கிறீர்கள்.

ஓட்டைக் குடம் ஒன்று விழுகிறது. கால் ஒடிந்த மணை வருகிறது. அதன் பின்னால் தூசு படிந்த ஒரு தோல் உறை. திறந்தால், உள்ளே கனமாக ஒரு காமிரா!

"இதை யார் இனிமேல் தொடப்போகிறார்கள்? பழைய சாமான்காரரிடம் போட்டுவிடு" என்கிறார் அம்மா.

"உள்ளே என்ன இருக்கிறது, பார்ப்போம்" என்று பின்மூடியை நெம்புகிறான் பையன்.

இரண்டும் தவறு! எடைக்குப் போடக் கூடாது. உடனே திறக்கவும் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பீங்கான் பொம்மைக்குப் பக்கத்தில்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது திட்டக்குடி. விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர். இந்தப் பக்கத்து வீடுகளில் கூடத்துக் கண்ணாடி அலமாரிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. விருத்தாசலம் பீங்கான் பொம்மை அங்கேதான் இருக்கும். சிங்கப்பூரில் இருந்து மாமா வாங்கி வந்த காமிராவும் அங்கேதான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் அது வெளியே வரும். மாமாவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது!

1991-க்கு முன்னால் வெளிநாட்டுக் காமிரா வாங்குவது லேசான காரியம் அல்ல. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, சுங்க வரி என்று பல தடைகள். வெளிநாடு போன உறவினர் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். அதனால்தான் அந்தப் பெட்டிக்கு அவ்வளவு மதிப்பு.

பிறகு டிஜிட்டல் காமிரா வந்தது. அதன் பின்னால் செல்போன் வந்தது. மாமாவின் காமிரா பரணுக்குப் போயிற்று.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். செல்போனோடு பிறந்த பிள்ளைகளே அந்தப் பழைய காமிராவைத் தேடி அலைகிறார்கள்! சென்னையிலும் பெங்களூரிலும் கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் அது தொங்குகிறது. தாத்தா வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்கிறவர்களும் உண்டு.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

ஒரே கண்

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கழுத்தில் இன்னொரு காமிரா தொங்கும். அதற்கு மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேல் கண் வழியாக அவர் பார்ப்பார். கீழ்க் கண் படம் எடுக்கும். தூரத்தில் நின்று எடுத்தால் தொல்லை இல்லை. கிட்டத்தில் எடுத்தால் வம்பு! பார்த்தது ஒன்று, விழுந்தது ஒன்றாகிவிடும். மாப்பிள்ளையின் தலைப்பாகை பாதியோடு நின்றுவிடும்.

மாமாவின் காமிராவுக்கு ஒரே கண். பார்ப்பதும் அதே லென்சு. படம் எடுப்பதும் அதே லென்சு. இதைத்தான் எஸ்.எல்.ஆர். காமிரா என்று சொல்கிறார்கள்.

ஒரே லென்சு எப்படி இரண்டு வேலை செய்யும்? உள்ளே சாய்வாக ஒரு சிறிய கண்ணாடி நிற்கிறது. லென்சு வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. மேலே கூம்பு போல் தெரிகிறதே, அதற்குள் பட்டை தீட்டிய ஒரு கண்ணாடிக் கட்டி இருக்கிறது. இடம் வலம் மாறி வருகிற உருவத்தை அது நேராக்கி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது.

பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும். பின்னால் உள்ள திரை திறக்கும். பிலிம் மீது வெளிச்சம் விழும். திரை மூடும். கண்ணாடி இறங்கும். "சடக்" என்ற ஒரு சத்தத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும்!

ஒன்றைக் கவனித்தீர்களா? படம் விழுகிற அந்த ஒரு கணம், எடுக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி மேலே போய்விட்டதே! தாலி கட்டும் நேரத்தை எத்தனை பேர் இப்படிப் பார்க்காமலே படம் பிடித்திருக்கிறார்கள்!

ஜெர்மனியில் தொடங்கியது

1936-ம் ஆண்டு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் "கினே எக்சாக்டா" என்ற காமிரா வந்தது. சினிமா எடுக்கிற 35 மில்லிமீட்டர் பிலிமை வைத்து எடுக்கும் எஸ்.எல்.ஆர். வகையில் முன்னோடி அது. குனிந்து மேலிருந்துதான் பார்க்க வேண்டும். 1949-ல் அதே டிரெஸ்டனில் வந்த "காண்டாக்ஸ் எஸ்" கண்ணோடு ஒட்டிப் பார்க்கும்படி அமைந்தது. பட்டைக் கண்ணாடிக் கட்டி அதில்தான் வந்தது.

ஆனால் உலகம் முழுவதும் இதைக் கொண்டுபோனவர்கள் ஜப்பான்காரர்கள். முன்பெல்லாம் ஒரு படம் எடுத்தால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்குச் சுற்றும்வரை எதுவும் தெரியாது. 1954-ல் ஜப்பானின் அசாகி கம்பெனி, கண்ணாடி தானாகவே இறங்கும் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1957-ல் அதே கம்பெனியின் "பென்டாக்ஸ்" வந்தது. 1959-ல் "நிக்கான் எப்" வந்தது.

நிக்கான் எப் எவ்வளவு கெட்டி தெரியுமா? வியட்நாம் போர் நடந்த நாட்களில், பக்கத்து நாடான கம்போடியாவில் டான் மெக்கலின் என்ற ஆங்கிலப் பத்திரிகைப் படக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். அவரை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டு அவருடைய நிக்கானில் பாய்ந்து நின்றது. காமிரா நசுங்கியது, மனிதர் பிழைத்தார்!

எல்லோருக்கும் அவ்வளவு விலை கட்டாது. ரஷியாவின் "ஜெனிட்" காமிரா கனம் அதிகம், விலை குறைவு. பென்டாக்சின் "கே 1000" காமிரா 1976-ல் வந்து 1997 வரை உற்பத்தியானது. 30 லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கணக்கு. போட்டோ கலை படிக்கும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கைகாட்டும் காமிரா அதுதான்.

இவற்றில் பலவற்றுக்குப் படம் எடுக்க பேட்டரியே வேண்டாம். வெளிச்சத்தை அளந்து சொல்லும் முள்ளுக்கு மட்டும் ஒரு பொட்டு பேட்டரி போதும். அதுவும் தீர்ந்துவிட்டால்? பழையவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நல்ல வெயில் என்றால் லென்சு வளையத்தை 16-ல் வை. பிலிம் டப்பாவில் 100 என்று போட்டிருந்தால், திரையின் வேகத்தை அதற்குப் பக்கத்தில் உள்ள 125-ல் வை. அழுத்து! படம் கெடாது. நம் ஊர் வெயிலுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

ஊட்டி தந்த பிலிம்

காமிரா வெளிநாட்டில் இருந்து வந்தது. பிலிம்?

நம் ஊட்டியில் இருந்து வந்தது! 1960-ம் ஆண்டு "இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டின் போஷே கம்பெனி தொழில்நுட்ப உதவி செய்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிலிமின் பெயர் "இந்து". இந்து என்றால் நிலவு. ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது.

மலை உச்சியில் ஏன் ஆலை? பிலிமுக்குத் தூசு ஆகாது; சூடும் ஆகாது. வெள்ளியில் இருந்து எடுக்கும் உப்பை, பசை போன்ற ஜெலட்டினில் கலந்து, மெல்லிய நாடாவின் மேல் பூசுவதுதான் பிலிம். பொட்டு வெளிச்சம் பட்டாலும் பாழ். ஆகவே பூசுவதும் நறுக்குவதும் இருட்டிலேயே நடக்க வேண்டும். வெளியே பச்சை மலையும் பனியும். உள்ளே இருட்டில் வேலை. நாடு முழுவதும் வெளிச்சத்தைப் பிடித்து வைத்த பிலிம், இருட்டில் கை தடவி வேலை செய்தவர்களால் உருவானது.

கறுப்பு வெள்ளைப் படச் சுருள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் என்று எல்லாம் அங்கிருந்து போயின. பிறகு கலர் வந்தது. வெளிநாட்டு ரோல்கள் கடைகளை நிறைத்தன. புதிய எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1990-களில் நலிந்த ஆலை என்று பெயர் வாங்கியது. 2014-ல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அரசு ஏற்றது. ஆலை மூடப்பட்டது.

இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால்? இப்போது பிலிம் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஊட்டி ரோல் கிடைத்திருக்கும். அவர்கள் வாங்குவதெல்லாம் அமெரிக்காவின் கோடக், இங்கிலாந்தின் இல்போர்டு. இந்த வருத்தம் நியாயமானதுதான்.

கோடக் கதையும் சின்னக் கதை அல்ல. டிஜிட்டல் காமிராவை 1975-ல் முதலில் செய்து பார்த்தவர் கோடக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவ் சாசன். அதே டிஜிட்டல் கடைசியில் கோடக்கைக் கவிழ்த்தது. 2012-ல் திவால் மனு போட்டது. ஆனாலும் பிலிம் சாகவில்லை. நிறுத்தியிருந்த "எக்டாக்ரோம்" பிலிமை 2018-ல் கோடக் மறுபடியும் கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ், கையால் சுற்றும் புதிய பிலிம் காமிராவையே விற்பனைக்கு விட்டது!

36 தான்!

ஒரு ரோலில் 36 படம். செல்போனில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவோம். இங்கே ரோல் வாங்க, கழுவ, கம்ப்யூட்டரில் ஏற்ற என்று கணக்குப் போட்டால் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே யோசித்துத்தான் அழுத்த வேண்டும். "பாட்டி, சிரியுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் உண்மையாகவே சிரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்ததும் பார்க்க முடியாது. ரோல் முடிந்து கழுவி வரும்வரை பொறுமை வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பிடித்திருக்கிறது என்கிறார்கள் இளைஞர்கள். பழைய ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது வேறு வழி இல்லாத காத்திருப்பு!

சிலர் கறுப்பு வெள்ளைப் படத்தைக் குளியல் அறையிலேயே கழுவுகிறார்கள். மருந்து நீர் 20 டிகிரி குளிரில் இருந்தால் நல்லது. திட்டக்குடிக் குழாயில் சித்திரை மாதம் வருவதோ கிட்டத்தட்ட வெந்நீர்! ஐஸ் கட்டியைப் பாத்திரத்தில் போட்டு, நடுவே மருந்து டப்பாவை நிறுத்திக் குளிர வைக்க வேண்டும்.

வேட்டி நுனியால் துடைக்காதீர்கள்

இனி பரணில் கிடைத்த காமிராவுக்கு வருவோம்.

லென்சை வேட்டி நுனியாலோ முந்தானையாலோ துடைக்கக் கூடாது. தூசு மணலாக உரசும், கீறல் விழும். முதலில் ஊதுங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

உள்ளே இருக்கும் சாய்வுக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும். இதற்கு முன்பக்கம் இருக்கும். விரல் பட்டால் அழிந்துவிடும். பின்னால் உள்ள திரையும் அப்படித்தான். விரலால் அழுத்தினால் காமிராவே போயிற்று.

பழைய பேட்டரி கசிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தோல் உறையை அழகு என்று நினைத்து மறுபடி மாட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் லென்சுக்குள் வெள்ளை நூல் போல் பூஞ்சை ஓடுவது இதனால்தான். மூடி இறுகிய டப்பாவில், மாத்திரை டப்பாவில் வருகிறதே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலைந்தைப் போட்டு வைத்தால் போதும்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தக் காமிராவுக்குள் ஒரு ரோல் இருக்கலாம்!

கல்யாணத்தில் 20 படம் எடுத்துவிட்டு, "மீதியைத் தீபாவளிக்கு எடுப்போம்" என்று வைத்திருப்பார்கள். தீபாவளிக்குள் என்னென்னவோ நடந்திருக்கும். ரோல் அப்படியே நின்றுபோயிருக்கும்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகு அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். 1897-ம் ஆண்டு சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆந்திரே என்பவர் இரண்டு தோழர்களோடு பலூனில் ஏறி வடதுருவத்துக்குப் புறப்பட்டார். மூவரும் திரும்பவில்லை. 1930-ல், 33 ஆண்டுகள் கழித்து, பனித் தீவு ஒன்றில் அவர்கள் உடல்கள் கிடைத்தன. கூடவே அவர்கள் எடுத்த பிலிமும் கிடைத்தது. கழுவிப் பார்த்தார்கள். 93 படங்கள் வந்தன! தரையில் சரிந்து கிடந்த பலூனும், அதன் பக்கத்தில் நின்ற மனிதர்களும் தெரிந்தார்கள்.

அது பனி, இது வெள்ளாற்றங்கரை வெயில். சூட்டில் பிலிம் மங்கும். கலர் சீக்கிரம் கெடும். கறுப்பு வெள்ளை கொஞ்சம் தாங்கும். எல்லாம் வராவிட்டாலும் நாலைந்து வரலாம்.

காமிராவின் மேலே இடது பக்கம் மடக்குக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, அவசரப்படாமல் சுற்றுங்கள். கடைசியில் "படக்" என்று கை லேசாகும். இன்னும் நாலு சுற்று. இரவில், விளக்கை அணைத்து, போர்வைக்குள் வைத்துத் திறப்பது இன்னும் நல்லது. கைப்பிடி லேசாகவே சுற்றினாலும் இப்படியே திறங்கள். சுற்றி முடித்த ரோல் உள்ளே இருக்கக்கூடும். ஏற்கெனவே வெளிச்சத்தில் திறந்துவிட்டீர்களா? உடனே மூடுங்கள். வெளிச்சுற்றுதான் போயிருக்கும், உள்சுற்றில் சில படம் தப்பியிருக்கலாம்.

திட்டக்குடி, விருத்தாசலம் போன்ற ஊர்களில் கலர் லேப்கள் பிலிம் கழுவுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சென்னையில் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், தபாலில் வாங்கிக்கொள்கிறார்கள். பழைய பிலிம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கழுவும் முறை அதற்குத் தகுந்தபடி மாறும். அனுப்பும்வரை குளிர்ப்பெட்டியில் வைத்திருங்கள்.

கூடவே ஒரு சீட்டில், யாருடைய காமிரா, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள். யார் கல்யாணத்துக்கு அது கடைசியாக வெளியே வந்தது என்று அவருக்கு நினைவிருக்கும்.