முதியோரும் அவரைப் பேணுவோரும்

மக்கள் வாழ்நாள் நீண்டுவருதல் இக்காலத்துப் பெரும்பேறுகளுள் ஒன்றாகும். 1947-ஆம் ஆண்டையொட்டி 32 ஆண்டளவாயிருந்த நம் நாட்டாரது சராசரி ஆயுள், இப்பொழுது 70 ஆண்டளவை எட்டியுள்ளது. ஆதலின் முதுமையை எய்துவோர் தொகை பெருகுகின்றது. பிறர் கைத்தாங்கல் வேண்டி நிற்போர் தொகையும் அதனோடு பெருகுகின்றது. அங்ஙனம் தளர்ந்த முதியோர்க்கும், அவரை இல்லத்திலிருந்து பேணுவோர்க்கும் உண்டாகும் மன அழுத்தத்தை அறிதற்கும் தணித்தற்கும் உரிய நெறிகளை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

மன அழுத்தம் என்பது வெறும் மனக்கோழை என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. மாண்ட்ரீல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலி என்னும் அறிஞர், 1936-இல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைப்பினும், மிகுதியாக ஓடச் செய்யினும், காயப்படுத்தினும், அவற்றின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுதலை அவர் கண்டார். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. இரைப்பையில் புண் உண்டாயிற்று. மக்கள் உடலிலும் இடுக்கண் வந்துழி அச்சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய நீர்களைச் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன. சிறிது பொழுதிற்கு இது நன்மையே. ஆயின் எந்நேரமும் நாணேற்றியபடியே வைத்த வில் வலியிழத்தல் போல, ஓய்வின்றி இந்நிலையிலிருக்கும் உடலும் வலியிழக்கும்.

மறதிநோயுற்ற மாமியாரைப் பேணும் மருமகள் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அம்முதியவர் மாலையானதும் 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று மூட்டை கட்டுவர். இரவில் மும்முறை எழுந்து கதவைத் திறக்க முயல்வர். உண்ட சற்று நேரத்தில், உணவே தரவில்லையென வந்த உறவினரிடம் முறையிடுவர். முதல் திங்களில் மருமகள் இவற்றைப் புன்னகையோடு பொறுப்பாள். ஆறாந்திங்களில் ஒருநாள் கடிந்து பேசிவிட்டு, அடுக்களையில் தனித்திருந்து அழுவாள். தனக்கு அன்பில்லையே என்று தன்னையே நொந்துகொள்வாள். அவளிடத்துக் குறைந்தது அன்பன்று, உறக்கமே என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார் அவ்வீட்டில் ஒருவருமிலர்.

இத்தகையோர் உடல்நிலையை அறிஞர் அளந்தும் கண்டுள்ளனர். 1995-இல் அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலத்தில், மறதிநோயாளரைப் பேணும் 13 பெண்களுக்கும், அப்பொறுப்பில்லாத அதே வயதினர் 13 பேர்க்கும் தோலில் ஒரு சிறு காயம் செய்து, அஃது ஆறும் நாள்களைக் கணக்கிட்டனர். பேணுவோர்க்கு அக்காயம் ஆற ஏறக்குறைய 9 நாள் மிகுதியாயிற்று. 1999-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, 66 வயதிற்கு மேற்பட்ட கணவன் மனைவியரை 4 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. துணைவரைப் பேணுதலால் மனவருத்தமுற்றோரிடையே இறப்பு, அப்பொறுப்பில்லாதாரினும் நூற்றுக்கு 63 பங்கு மிகுதியாயிருந்தது. வருத்தமின்றிப் பேணியவரிடத்து அம்மிகுதி காணப்படவில்லை. ஆகவே பேணுதல் தானே தீங்கு பயப்பதன்று. தாங்கவொண்ணாத அளவில் அதனைச் சுமத்தலே தீங்கு பயப்பது.

பேணுவோரிடத்து அழுத்தத்தின் அடையாளங்கள் இவை: சிற்றொலிக்கும் திடுக்கிட்டு எழுதல், ஓயாத தலைவலி, சிறு பிழைக்கும் சினம், திருமணம் முதலியவற்றிற்குச் செல்லாது ஒதுங்குதல், தம் மருந்தை உட்கொள்ள மறத்தல்.

முதியோரோ 'மனம் வருந்துகின்றது' என்று வெளிப்படக் கூறுதல் அரிது. 'பசியில்லை', 'வயிறு மந்தம்', 'உறக்கம் வரவில்லை' என்பர். துணையை இழந்தமை, கண்ணும் காதும் மங்கினமை, வரவுசெலவு பிறர் கைக்குச் சென்றமை, தாம் பாரமாயினோமோ என்னும் ஐயம் ஆகியவை அச்சொற்களின் பின்னே மறைந்திருத்தல் கூடும். ஒன்று நினைவில் வைத்தற்பாலது. ஓரிரு நாளிலேயே ஒருவர் பேச்சும் அறிவும் திடீரெனக் குழம்பின், அதனை முதுமையின் இயல்பென்று விட்டுவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிய மருந்து முதலியவற்றால் அது நேர்தலுண்டு; உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

இனித் தணிக்கும் வழிகளைக் காண்போம். முதலாவது, பொறுப்பை நாளும் பொழுதும் குறித்துப் பகிர்ந்துகொள்ளுதல். 'வேண்டுமாயின் சொல்லுங்கள்' என்பது உபசார மொழி. 'சனிக்கிழமை இரவு நான் விழித்திருப்பேன்' என்பதே உதவி.

இரண்டாவது, பேணுவோர் தம் உணவையும் உறக்கத்தையும் காத்தல். சுவரிருந்தாலன்றிச் சித்திரம் எழுதலாகாது. எலியா தீர்க்கதரிசி சோர்ந்து சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாவை வேண்டிய காலத்தில், தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, மறுபடியும் உண்பித்த பின்னரே நெடுவழிக்கு அனுப்பினான் என்று வேதாகமத்தில் காண்கின்றோம். இளைத்தவர்க்கு முதலில் வேண்டுவது யாதென்பதை இவ்வரலாறு நன்கு விளக்கும்.

மூன்றாவது, மறதிநோயாளரோடு வாதிடாமை. 'இதுதான் உங்கள் வீடு' என்று பத்துமுறை கூறுதலினும், 'அந்த வீட்டில் எத்தனை மாமரம் இருந்தது?' என்று கேட்டு, மெல்ல நடத்தி அழைத்துவருதல் இருவர்க்கும் அமைதி தரும். நான்காவது, முதியோர் கைக்கு ஏற்ற வேலை தருதல். கீரை ஆய்தல், பூத்தொடுத்தல், பேரக்குழந்தைக்குக் கதை சொல்லல் ஆகியவற்றால், தாம் இன்னும் அவ்வில்லத்திற்கு வேண்டியவர் என்னும் உணர்ச்சி அவர்க்கு நிலைக்கும்.

ஐந்தாவது, வெளியுதவி நாடுதலை இழிவென்று கருதாமை. முதியோர்க்கான 14567 என்னும் தொலைபேசி எண்ணும், மனநலத்திற்கென 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் நிலையத்தின் 14416 என்னும் எண்ணும் கட்டணமின்றி உதவுகின்றன. முதியவரை அடிக்கக் கையெழுகின்றது என்றோ, உயிர் வாழ்தலே வேண்டா என்றோ ஒருவர்க்குத் தோன்றுமாயின், ஒருநாளும் தாழ்த்தலாகாது.

இறுதியாக நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள் பாட்டியின் கட்டிலருகே சிறிது அமர்ந்து, நலம் உசாவி எழுந்துவிடுகின்றீர்கள். இவ்வாண்டு உங்கள் தாயார் முகத்தையும் சற்று உற்றுநோக்குங்கள். அவர் ஓரிரவு முழுவதும் உறங்கி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். கேட்டபின், அன்றிரவு உங்கள் பாயைப் பாட்டியின் கட்டிலருகே விரித்துக்கொள்ளுங்கள். இப்பணியை ஆண்மக்கள் செய்தல் வழக்கமன்று என்று எவரேனும் கூறின், அவ்வழக்கம் உங்கள் தலைமுறையோடு ஒழிவதாக.