குழலோசையும் நாடித் துடிப்பும்



நேற்றைய விரிவுரையில் ஆனாய நாயனார் வரலாற்றைச் சிந்தித்தோம். மழநாட்டு மங்கலத்தில் ஆயர் குலத்துத் தோன்றிய அப்பெருமான், பூத்துக் குலுங்கிய கொன்றையைக் கண்டு, கொன்றை சூடிய இறைவனையே கண்டதாக உருகித் திருவைந்தெழுத்தைக் குழலில் வைத்து ஊதினார். மேய்ந்த ஆக்கள் மேய்ச்சலை மறந்து நின்றன. கன்றுகள் பாலுண்பதை மறந்தன. மயிலும் பாம்பும் பகை மறந்தன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அக்காட்சியை விரித்துப் பாடியிருப்பதைக் கேட்டீர்கள்.

விரிவுரை முடிந்து திருநீறு வழங்கும் வேளையில் அன்பர் ஒருவர் அருகே வந்தார். அறுபதைக் கடந்தவர்; இரத்த அழுத்தத்திற்காக நெடுநாள் மருந்துண்பவர். "ஐயா, இசைக்கு இத்தனை ஆற்றல் உண்டென்றால் மாத்திரை எதற்கு? நாள்தோறும் தேவாரம் கேட்கிறேன். ஒரு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். எனக்குத் திடுக்கிட்டது. நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள் என்று அப்போது சொல்லியனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இன்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்புச் சற்று விரையும். மெல்ல நீளமாக வெளியே விடும்போது தளரும். மூளையினின்று இறங்கி இதயத்தை அடையும் வேகஸ் என்னும் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்திற்குக் கடிவாளம் இடுகிறது. ஆகவே மூச்சை நீட்டுவது எதுவோ, அது இதயத்தையும் அமைதிப்படுத்தும். இசை இதயத்தை அடையும் வழிகளுள் இந்த மூச்சின் வழியும் ஒன்று ஆகும்.

இதனை இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் அளந்து காட்டினர். 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் 23 பேரை இலத்தீன் மொழிச் செபமாலையையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவுக்கு இறங்கிற்று. குருதியழுத்தம் தானே ஏறி இறங்கும் இயற்கை அலை ஒன்று உடலில் உண்டு. அதன் வீதமும் நிமிடத்திற்கு ஆறே. இரண்டும் ஒத்திசைந்தபோது, அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் அமைப்பு மேலும் கூர்மையாக இயங்கிற்று. ஓதுவாரோடு சேர்ந்து பதிகம் பாடுவோருக்கு மூச்சு தானே நீளுவதை இங்கே நினைத்துக் கொள்க. வாய்மூடிக் கேட்போரைவிட உடன் பாடுவோர் பேறுடையவர் என்பது என் கருத்து.

கேட்பதன் பயனை அவர்கள் 2006இல் ஆராய்ந்தனர். இசை பயின்றோர் 12 பேர், பயிலாதோர் 12 பேர். அவர்களுக்கு நம் நாட்டு இராக இசை உள்ளிட்ட ஆறு வகை இசையைக் கேட்பித்தனர். விரைந்த நடையுள்ள இசையில் மூச்சும் துடிப்பும் அழுத்தமும் ஏறின. அந்த இசை கேட்போருக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை; நடையின் வேகமே உண்டாக்கிற்று. மல்லாரி முழங்கித் தவில் அதிரும்போது மூட்டுவலிக்காரரும் தேர்வடத்தைத் தொட எழுகிறாரே, அதன் காரணம் இதுதான். இரவில் பள்ளியறைக்குச் சுவாமி எழுந்தருளும்போது நீலாம்பரியை வைத்த நம் முன்னோர், நாடியை அளக்கக் கருவி இல்லாமலே வேலையை அறிந்திருந்தனர்.

அவ்வாய்வில் எவரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. இசைகளுக்கு இடையே இரண்டு நிமிட மௌனம் ஒன்றைச் செருகியிருந்தனர். அந்த மௌனத்தில் துடிப்பும் அழுத்தமும், இசை தொடங்குமுன் இருந்த அளவைக் காட்டிலும் கீழே இறங்கின. கேட்டபின் வரும் அமைதியே மிகுந்த ஓய்வு தந்தது! நம் விழாக்களிலோ ஒரு பதிகம் முடிந்தவுடன் அந்த இடைவெளியைத்தான் முதலில் நிரப்புகிறோம்: நன்கொடையாளர் பட்டியல், காணாமற்போன குழந்தை, வண்டியை நகர்த்தச் சொல்லும் அறிவிப்பு. குழந்தையைப் பற்றிய அறிவிப்பு தேவைதான், மற்றவை காத்திருக்கலாம்.

விருப்பத்திற்கு இடமே இல்லையோ எனின், உண்டு. உள்ளம் உருகி மெய்சிலிர்க்கும் நிலையை மான்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள் 2011இல் நுணுகி நோக்கினர். தமக்கு மிக விருப்பமான இசையைக் கேட்போரின் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரந்தது. சிலிர்ப்பு நேரும் கணத்தில் மட்டுமன்று, அது வரப்போகிறது என்று எதிர்நோக்கும் கணத்திலேயே மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. அறிந்த பதிகத்தின் அடுத்த அடிக்கு நெஞ்சு முந்திக் காத்திருப்பதை அனுபவித்தவர்க்கு இது புதுமையன்று.

இனி அன்பரின் மாத்திரைக்கு வருவோம். இதயக்குழாய் நோயாளருக்கு இசை தரும் பயனைக் குறித்த 26 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு 2013இல் வெளிவந்தது. அச்சம் தணிந்தது, துடிப்பும் மூச்சும் மேல் அழுத்தமும் குறைந்தன. ஆனால் அந்த நோயாளர் மருத்துவத்தை விட்டுவிட்டு இசை கேட்டவர்கள் அல்லர், மருத்துவத்தோடு கேட்டவர்கள். பாடல் கேட்டுத் தணிந்த அழுத்தம், நாள் முழுதும் தணிந்தே நிற்கும் என்று எந்த அளவீடும் உறுதி கூறவில்லை. மாத்திரையோ உறங்கும்போதும் தன் பணியைச் செய்கிறது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னினும் மிகையாக ஏறும். அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடவும் கூடும்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். அதே தேவாரம் ஒலிபெருக்கியில் அலறினால் பயன் தலைகீழாகிவிடும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை செவி தாங்கலாம் என அமெரிக்கத் தொழில்நல அறிஞர் வரையறுத்துள்ளனர். மூன்று டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரமே. பேரொலியை உடல் ஆபத்தாகவே கொள்ளும். அட்ரினலின் சுரக்கும், குருதிக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். உறங்குவோரிடமும் இது நிகழும். நம் அரசு 2000ஆம் ஆண்டு வகுத்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 எனக் குறித்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழா நாள்களுக்கென நள்ளிரவு வரை விலக்களிக்க மாநில அரசுக்கு இடம் உண்டு. இடம் உண்டென்பதற்காக நாம் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமோ?

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் 48 பிடாரரை நியமித்தான். உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர் ஆக ஐம்பதின்மர் எனக் கல்வெட்டுக் கூறும். அத்துணைப் பெருங்கோயிலுக்கு மனிதக் குரல்களே போதுமானவையாய் இருந்தன.

இன்று அர்த்தசாம வழிபாட்டின்போது பள்ளியறை முன்பு ஓதுவார் பாடுவார். ஒலிபெருக்கியை அந்த அரைமணி நேரம் நிறுத்திவைக்க விழாக் குழுவினர் இசைந்துள்ளனர். நேற்று வினவிய அன்பரும் வந்திருக்கிறார். மருத்துவரைக் கண்டு, மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டதாகக் கூறினார். முன்வரிசையில் அவருக்கு இடம் விடுங்கள். பாடல் முடிந்ததும் இரண்டு நிமிடம் எவரும் எழவேண்டா.