கனவு பலிக்குமா என்று கேட்காதீர்கள்... ஏன் வந்தது என்று கேளுங்கள்!

"டாக்டர், விடியற்காலையில பல்லு விழற மாதிரி கனவு வந்துச்சு. வீட்ல யாருக்கோ ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?"

நாடி பார்க்கக் கையை நீட்டும்போதே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பாம்பு துரத்தியது, மலையிலிருந்து விழுந்தேன், செத்துப்போன அப்பா வந்து சாப்பாடு கேட்டார்... இப்படி விதவிதமான கனவுகள். கேட்பது மட்டும் ஒரே கேள்விதான்: "இது பலிக்குமா?"

கனவு நாளை நடக்கப்போவதைச் சொல்லாது. ஆனால் இன்றைக்கு உங்கள் மனசும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்பதைப் பல சமயம் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

அதிகாலைக் கனவின் ரகசியம்

1953-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்விழிகள் சில நேரங்களில் வேகமாக அசைகின்றன. அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் "கனவு கண்டேன்" என்றார்கள். இதற்கு 'ரெம்' தூக்கம் என்று பெயர். மற்ற நேரத்திலும் கனவு வரும். ஆனால் கதை போல நீளும் கனவுகள் இதில்தான் அதிகம்.

ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை இந்த ரெம் தூக்கம் வந்துபோகும். ஓர் இரவில் நான்கைந்து தடவை. முதல் தடவை சில நிமிடங்களே. விடிய விடிய நீண்டுகொண்டே போய் அரை மணியைக்கூடத் தாண்டும். "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று பெரியவர்கள் சொன்னதற்கு அடிப்படை இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்துக் கனவு நீளமானது, தெளிவானது. பார்த்த கையோடு விழித்துவிடுவதால் ஞாபகமும் இருக்கிறது. பலிக்காத நூறு கனவை மறந்துவிடுகிறோம். தற்செயலாக ஒத்துப்போன ஒன்றை ஊரெல்லாம் சொல்கிறோம்!

பொருளை விடுங்கள், உணர்ச்சியைப் பிடியுங்கள்

ரெம் தூக்கத்தில் மூளையின் உணர்ச்சி மையம் சுறுசுறுப்பாக இருக்கும். சரி, தப்பு என்று கணக்குப் பார்க்கும் முன்பகுதி சற்று ஓய்ந்திருக்கும். அதனால்தான் கனவில் கதை கோணலாக இருந்தாலும் பயமும் அழுகையும் நிஜமாக இருக்கின்றன.

ஐம்பது வயதிலும் கணக்குப் பரீட்சைக்குப் படிக்காமல் போய் உட்கார்ந்த கனவு வருகிறதே, ஏன்? பரீட்சை பழசு, பயம் புதுசு. ஆபீஸில் தணிக்கை வரலாம், மகளுக்கு வரன் அமையாமல் இருக்கலாம். 'தயாராக இல்லையே' என்ற தவிப்பு பழைய பரீட்சை ஹாலைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனவே 'பாம்புக்கு என்ன பலன்?' என்று புத்தகத்தைப் புரட்டாதீர்கள். 'கனவில் எனக்கு என்ன உணர்ச்சி? பகலில் அதே உணர்ச்சி எங்கே வருகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். இறந்துபோன அப்பா கனவில் வந்தால் தோஷம் இல்லை. மனசு இன்னும் அவரைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

உடம்பு சொல்லும் சேதி

சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகைத் தேர்வு உண்டு. அதோடு தூக்கத்தையும் கனவையும் விசாரிப்பது வழக்கம். வாத உடம்புக்காரர் வானத்தில் பறப்பார், பித்த உடம்புக்காரர் தீயையும் வெயிலையும் காண்பார், கப உடம்புக்காரர் குளத்தையும் குளிர்ச்சியையும் காண்பார் என்பது மரபான கருத்து. அவருடைய இயல்பைப் புரிந்துகொள்ள இது ஒரு குறிப்பு. இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

இன்றைய அறிவு இன்னும் சில சேதிகளைச் சேர்த்திருக்கிறது.

* பல் விழும் கனவு: 2018-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், இந்தக் கனவுக்கும் மனக்கவலைக்கும் தொடர்பு தெரியவில்லை. காலையில் பல், ஈறு, தாடையில் தெரிந்த இறுக்கத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. மாமியாருக்குப் பயப்படுவதைவிடப் பல் டாக்டரைப் பார்ப்பது மேல்!

* கெட்ட கனவோடு வியர்வையில் சட்டை நனைவது, காலையில் தலைவலி: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், இரவில் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

* மூச்சு முட்டும் கனவோடு பலத்த குறட்டை, பகலில் தூக்கம்: தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம்.

* புதிய மாத்திரை ஆரம்பித்த பிறகு பயங்கரக் கனவுகள்: ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் பிராப்ரனோலால் போன்றவை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இப்படிச் செய்யும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென விட்டாலும் கனவு பெருகும்.

அமுக்குவான் பேய்

விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, மார்பில் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல் இருக்கிறது. இதைத்தான் 'அமுக்குவான் பேய்' என்கிறோம். ரெம் தூக்கத்தில் நாம் கனவில் ஓடினாலும் நிஜத்தில் எழுந்து ஓடாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. சில நேரம் மனசு முதலில் விழித்துவிடும். பூட்டு திறக்கச் சற்றுத் தாமதமாகும். சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள். மந்திரிக்கத் தேவையில்லை.

பூட்டே திறந்துகொண்டால்?

இதன் நேர்மாறுதான் கவனிக்க வேண்டியது. "இவரு பகல்ல ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டாருங்க. ராத்திரியில கத்துறாரு, எட்டி உதைக்கிறாரு. கேட்டா, 'திருடன் வந்தான், அடிச்சேன்'ங்கிறாரு" என்று கண்ணீரோடு சொன்னார் ஓர் அம்மா. கணவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. 'மனசுக்குள்ள என்மேல கோபம் போல' என்று பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். உறவினர்கள் காத்து கருப்பு என்றார்களாம்.

அது கோபமும் இல்லை, பேயும் இல்லை. தசைப் பூட்டு வேலை செய்யாமல், காணும் கனவை உடம்பு நடித்துக்காட்டுகிற ஒரு நரம்புக் கோளாறு. 1986-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் மருத்துவர்கள் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் இதை ஒரு நோயாக விவரித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சிலருக்கு மனச்சோர்வு மருந்துகளாலும் வரும். வேறு காரணம் இல்லாமல் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதமோ அதை ஒட்டிய நோயோ தலைகாட்டுகிறது என்பதால் அலட்சியம் கூடாது. அவரை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். இரவெல்லாம் படமெடுத்துச் செய்யும் தூக்கப் பரிசோதனையில் இதை உறுதி செய்யலாம். உதைப்பதைக் குறைக்க மாத்திரைகளும் உண்டு. அதுவரை தரையில் மெத்தை போட்டுத் தனியே படுக்க வைத்து, பக்கத்தில் கண்ணாடி, கூரான சாமான் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* இரவுச் சாப்பாடு எளிதாக, படுக்க இரண்டு மூன்று மணி நேரம் முன்பே. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

* தலைமாட்டில் ஒரு நோட்டு. கனவு, அதில் வந்த உணர்ச்சி, முந்தின நாள் விசேஷம் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். காரணம் பிடிபடலாம்.

* ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதன் முடிவை நல்லபடியாக மாற்றி எழுதி, பகலில் பத்து நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களே சொல்லித்தரும் முறை இது.

* வெதுவெதுப்பான பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போதும். அளவு மீறினால் மயக்கமும் குழப்பமும் வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

* தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை வீறிட்டு அலறி, காலையில் ஒன்றும் தெரியாமல் விழித்தால் பயப்படாதீர்கள். அது ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. உலுக்கி எழுப்ப வேண்டாம், பக்கத்தில் இருங்கள். வளர வளரப் போய்விடும்.

* விபத்து, சாவு, வன்முறைக்குப் பிறகு கெட்ட கனவுகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

உங்கள் வீட்டில் யாராவது காலையில் கனவைச் சொல்ல வந்தால், "அச்சச்சோ, கெட்ட சகுனமாச்சே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பகலில் சொல்ல முடியாமல் தவித்த ஒரு விஷயம் அப்போதாவது வெளியே வரலாம்.